பின்னால் நின்றவர்

(பழைய மாணவர் சந்திப்பில் பேசியது)



என்ஜினீயரைக் கூப்பிட்டால் பாலம், பம்பு என்று ஏதாவது பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். நான் கால்பந்து பற்றிப் பேசப் போகிறேன். அதுவும் கோல் போடுகிறவரை அல்ல, பின்னால் நின்று தடுக்கிறவரை. ஹாஸ்டல் டீமில் நானும் பேக் ஆடியவன்தான். பத்து பந்தைத் தடுத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஒன்றை விட்டால் மெஸ் வரைக்கும் திட்டு வரும்!

எல்சாத் ஸ்வெரோடிச். மாண்டினீக்ரோ நாட்டுக்காரர். ரைட் பேக், நடுக்களத்திலும் நிறுத்துவார்கள். 1986இல் அவர் பிறந்தபோது ஊர் பெயர் இவான்கிராட், நாடு யூகோஸ்லாவியா. 1992இல் ஊருக்கு பெரானே என்ற பழைய பெயர் திரும்பியது. நாடு 2003இல் செர்பியா-மாண்டினீக்ரோ ஆயிற்று, 2006இல் வெறும் மாண்டினீக்ரோ. இதற்கிடையில் அவர் ஸ்விட்சர்லாந்தில் வளர்ந்து, வில், லூசர்ன், யங் பாய்ஸ் என்று அங்கேயே ஆடினார்.

அந்தக் கடைசிப் பெயர் மாற்றத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தனி நாடா, இல்லையா என்று 2006 மே மாதம் மக்களைக் கேட்டார்கள். 55 சதவீதம் பேர் ‘ஆம்’ சொன்னால்தான் செல்லும் என்பது நிபந்தனை. கிடைத்தது 55.5. அரை சதவீதம்! நம்ம தொழிலில் இதற்கு மார்ஜின் என்று பெயர், இவ்வளவு குறைவாக வைத்தால் மேலதிகாரி கையெழுத்துப் போட மாட்டார். சுமார் ஆறு லட்சம் பேர் கொண்ட அந்த நாடு 2007 மார்ச்சில்தான் முதல் சர்வதேச ஆட்டம் ஆடியது.

யூரோ 2012 தகுதிச் சுற்றில் இங்கிலாந்து, ஸ்விட்சர்லாந்து, பல்கேரியா, வேல்ஸ் நாடுகளோடு ஒரே பிரிவு. யார் இவர்களைக் கணக்கில் வைத்தார்கள்? 2010 அக்டோபரில் வெம்ப்ளிக்குப் போய் இங்கிலாந்தை 0-0 என்று நிறுத்தினார்கள். ஓராண்டு கழித்து, 2011 அக்டோபர் 7, தலைநகர் போட்கோரிட்சாவில் மறு ஆட்டம். அரை மணி நேரத்திலேயே இங்கிலாந்து 2-0. கதை முடிந்தது என்றுதானே நினைப்போம்? இடைவேளைக்குச் சற்று முன் ஸ்வெரோடிச் தூரத்திலிருந்து அடித்தார். பந்து இங்கிலாந்துக்காரர் மேல் பட்டுத் திசை மாறி உள்ளே போயிற்று. அதிர்ஷ்டம் என்பார்கள். இருக்கட்டுமே, அடித்தால்தானே படும்! பிற்பாதியில் ரூனிக்குச் சிவப்பு அட்டை. 90 நிமிடமும் தாண்டியபின் டெலிபாஷிச் தலையால் முட்ட, 2-2. அன்றே ஸ்விட்சர்லாந்தும் வேல்ஸிடம் தோற்றதால், இரண்டாம் இடமும் பிளே-ஆஃப் வாய்ப்பும் உறுதியாயின.

நவம்பரில் செக் நாட்டிடம் 2-0, 1-0 என்று இரண்டு ஆட்டமும் தோற்றார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. 2024 யூரோ வரை பெரிய போட்டி எதற்கும் அவர்கள் போனதில்லை.

ஸ்வெரோடிச் 2013இல் லண்டன் ஃபுல்ஹாமில் சேர்ந்தார். அந்த சீசனோடு அணி பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கிவிட்டது. மறுபடி ஸ்விட்சர்லாந்து, சியோன் அணி. நாட்டுக்காக 60 ஆட்டங்களுக்கு மேல் ஆடினார். விரல்விட்டு எண்ணக்கூடிய கோல்கள்தான், அதில் ஒன்று இங்கிலாந்துக்கு எதிராக அடித்தது.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். சாயங்காலம் சீனியர்-ஜூனியர் மேட்ச் இருக்கிறது. நான் பேக்தான்.