குட்டநாட்டில் ஒரு நாள்: சிறு குழுப் பயணமும் ஊராரின் பங்கும்

(ஊரக வளர்ச்சிப் பயிற்சி வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரை)



சுற்றுலா என்றதும் கோயில்களும் மலை வாசஸ்தலங்களும் கடற்கரைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. நெல் விளையும் ஓர் ஆற்றுப் படுகையைக் காண்பதற்கென்றே மக்கள் பணம் செலவழித்து வருவார்கள் என்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். இன்று கேரளத்தின் குட்டநாட்டுக்கு மக்கள் அவ்வாறுதான் வருகிறார்கள். எட்டுப் பத்துப் பேர் காலையில் ஒரு நாட்டுப் படகில் ஏறி, கால்வாய்களின் வழியே ஊர் ஊராகச் சென்று, மாலையில் கரையேறும் ஒரு நாள் பயணங்கள் அங்கே நடைபெறுகின்றன. இத்தகைய பயணத்தை எவ்வாறு அமைத்தால் வருவோருக்கும் வாழ்வோருக்கும் ஒருங்கே நன்மை கிட்டும் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

சுற்றுலாவின் வளர்ச்சியை நாம் பெரும்பாலும் தலைகளை எண்ணியே அளக்கிறோம். சென்ற ஆண்டு இத்தனை பேர், இந்த ஆண்டு இத்தனை பேர் என்று அறிக்கைகள் கூறுகின்றன. வந்தவர் செலவிட்ட ரூபாயில் எத்தனை பைசா அந்த ஊரிலேயே தங்கியது என்ற கேள்வி அரிதாகவே எழுப்பப்படுகிறது. பொருளாதாரம் பயின்றவன் என்ற முறையில் எனக்கு இரண்டாவது கேள்வியே முதன்மையானதாகப் படுகிறது.

உழைப்பால் உருவான நிலம்

முதலில் இடத்தை அறிவோம். பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் ஆகிய ஆறுகள் வேம்பநாட்டுக் காயலில் கலக்கும் இடத்தில், வண்டல் படிந்து உருவானது குட்டநாடு. ஆலப்புழை, கோட்டயம், பத்தனம்திட்டா மாவட்டங்களில் ஏறத்தாழ 1,100 சதுர கிலோமீட்டர் பரப்பில் இது விரிந்து கிடக்கிறது. பழந்தமிழ் இலக்கண உரைகள் செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்தனவாகக் கூறும் பன்னிரு நாடுகளுள் குட்டமும் ஒன்று. நீர் நிறைந்த பள்ளத்தைக் குட்டம் என்பது தமிழ் வழக்கு. பெயர் நிலத்துக்கு மிகவும் பொருந்துகிறது. இங்குள்ள வயல்கள் பலவும் கடல் மட்டத்துக்குக் கீழே 0.6 மீட்டர் முதல் 2.2 மீட்டர் வரை தாழ்ந்துள்ளன. வேறிடங்களில் படகில் செல்பவர் கரையை நிமிர்ந்து பார்ப்பார்; குட்டநாட்டுக் கால்வாயில் செல்பவர் வயலைக் குனிந்து பார்க்க வேண்டும்.

இந்த நிலம் இயற்கை அப்படியே தந்த கொடை அன்று. காயலின் ஆழமற்ற பகுதிகளில் தென்னங்கழிகளை ஊன்றி, சேற்றையும் மண்ணையும் இட்டுக் கரை எழுப்பி, உள்ளே இருந்த நீரை இறைத்து வெளியேற்றி, மனிதர்கள் ஆக்கிய நிலம் இது. தொடக்கத்தில் காலால் மிதித்துச் சுழற்றும் சக்கரங்களைக் கொண்டு நீரை இறைத்தனர். பின்னர் ‘பெட்டியும் பறையும்’ என்று உள்ளூரில் வழங்கும் மரத்தாலான இறைப்புப் பொறி வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து உணவுப் பஞ்சத்தை ஒட்டி, 1940களில் சித்திரை, மார்த்தாண்டம், இராணி என்னும் பெரும் காயல் நிலங்கள் மீட்கப்பட்டன. மீட்டவர் பெயர் வரலாற்றில் நின்றது. சேற்றில் மூழ்கி மூழ்கி மண் எடுத்த தொழிலாளர்களின் பெயர்கள் நிற்கவில்லை. அத்தொழிலாளர் வாழ்வைத் தகழி சிவசங்கரப் பிள்ளை 1948-இல் வெளியான ‘இரண்டிடங்கழி’ நாவலில் எழுதினார். தகழியும் குட்டநாட்டு ஊரே. வேளாண் அறிஞர் எம். எஸ். சுவாமிநாதன் கும்பகோணத்தில் பிறந்தவர் எனினும், அவருடைய மூதாதையர் இல்லம் குட்டநாட்டின் மங்கொம்பில் இருக்கிறது. குட்டநாட்டு வயல்களில் பெரிதும் பயிராகும் ‘உமா’ என்ற நெல் வகையும் மங்கொம்பு ஆராய்ச்சி நிலையத்தில் உருவானதே.

ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை நிறுவனம் 2013-இல் குட்டநாட்டின் வேளாண் முறையை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுகளுள் ஒன்றாக ஏற்றது. வேம்பநாடு–கோள் சதுப்பு நிலம் 2002 முதல் ராம்சார் பட்டியலில் உள்ளது. இத்தனை பெருமைகளுக்கும் அடிப்படையாக நிற்பது ஒரு மண் கரை. அக்கரை உடைந்தால் வயல் இல்லை. வயல் இல்லையேல், வருவோர் படம் பிடிக்கும் அந்தப் பச்சை விரிப்பும் இல்லை.

பயணத்தின் அமைப்பு

ஒரு நாள் பயணத்துக்கு ஆலப்புழைப் படகுத் துறையே இயல்பான தொடக்கம். அங்கிருந்து நெடுமுடி வரையில் மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் பயணிகள் படகிலேயே செல்லலாம். 1968-இல் தோன்றிய அத்துறையின் படகுகளில் பள்ளிப் பிள்ளைகளும் அலுவலகம் செல்வோரும் காய்கறி மூட்டையுடன் திரும்பும் மூதாட்டியரும் உடன் வருவார்கள். சாலை எட்டாத வீடுகளுக்குப் படகுதான் பேருந்து என்ற உண்மையை எந்த விளக்க நூலையும் விட அந்தப் படகுப் பயணம் நன்கு உணர்த்திவிடும்.

நெடுமுடிக்குப் பின் அகன்ற ஆற்றை விட்டுக் குறுகிய தோடுகளுக்குள் புக வேண்டும். பெரிய படகுகள் அங்கே நுழைய இயலாது. துடுப்பால் தள்ளும் சிறு வள்ளங்களே செல்லும். குழு சிறியதாக இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே முதற் காரணம். வீட்டு வாசலில் பாத்திரம் துலக்குபவரும் குளிப்பவரும் இருக்கும் நீர்வழி அது. ஒரு தெருவுக்குள் நடந்து செல்லும்போது காட்டும் அடக்கத்தை அங்கும் காட்ட வேண்டும். நாற்பது பேர் ஒலிபெருக்கியுடன் புகுந்தால் அது படையெடுப்பு. எட்டுப் பேர் சென்றால் விருந்து.

காலைப் பொழுதில் ஒரு பாடசேகரத்தில் இறங்கிப் பார்க்க வேண்டும். ஒரே வெளிக்கரைக்குள் அமைந்த பலருடைய வயல்களின் தொகுதிக்குப் பாடசேகரம் என்று பெயர். நீரை இறைப்பதும் கரையைக் காப்பதும் தனித்தனியே செய்ய இயலாதவை. ஆதலால் உழவர் குழு ஒன்று கூட்டாக இவற்றை நடத்துகிறது. இங்கு நம்மவர் ஒரு சொல்லில் தடுமாறக் கூடும். புஞ்சை என்றால் நமக்கு மழையை நம்பிய புன்செய். குட்டநாட்டிலோ நீரை இறைத்து வெளியேற்றியபின் விதைக்கும் நெற்போகமே புஞ்சை. அக்டோபர், நவம்பரில் விதைத்துப் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையில் அறுவடை செய்வார்கள். சனவரியில் செல்பவர் பசுமையைக் காண்பார். மார்ச்சில் செல்பவர் கதிரையும், அறுத்த தாளடியில் மேயும் வாத்துக் கூட்டங்களையும் காண்பார்.

நண்பகல் உணவு ஓர் ஊர் வீட்டில் அமைய வேண்டும். குட்டநாட்டு அரிசிச் சோறும், காயலில் பிடித்த கரிமீனும், வீட்டுத் தோட்டத்துக் காய்களும் போதும். பிற்பகலில் கயிறு திரிப்போர், தென்னங்கீற்று முடைவோர், தாழம்பாய் பின்னுவோர், கக்கா வாருவோர் ஆகியோரின் தொழில்களைக் கண்டு, சம்பக்குளம் அல்லது காவாலம் வழியாகத் திரும்பலாம். தொழிலைக் காட்டச் செலவாகும் நேரம் அவர்களுக்குக் கூலி இழப்பு என்பதை மறக்கலாகாது. அந்நேரத்துக்கு உரிய தொகையை முன்னரே பேசித் தருவதே முறை.

ரூபாய் செல்லும் வழி

ஒரு கணக்குக்காக எட்டுப் பேர் தலைக்கு ஆயிரம் ரூபாய் வீதம் எண்ணாயிரம் செலுத்துவதாக வைத்துக்கொள்வோம். வள்ளத்துக்கும் வள்ளக்காரருக்கும் 2,500; சமைத்துப் பரிமாறும் மகளிர் குழுவுக்கு 2,000; வழிகாட்டும் ஊர் இளைஞருக்கு 1,200; தொழில் காட்டுவோருக்கு 800 என்று பிரித்தால் 6,500 ரூபாய் ஊரிலேயே நின்றுவிடுகிறது. எஞ்சிய 1,500 ஏற்பாடு செய்தவருக்கு. வள்ளம் வெளியாருடையதாகி, உணவு நகரத்திலிருந்து பொட்டலமாக வந்து, படகு எங்கும் நிற்காமலே திரும்பினால், இதே எண்ணாயிரத்தில் ஊருக்குக் கிடைப்பது ஓரிருவரின் கூலி மட்டுமே. வந்த தலைகள் இரண்டிலும் எட்டுத்தான். பயனில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. கேரள அரசு 2008-இல் குமரகம், கோவளம், தேக்கடி, வயநாடு ஆகிய இடங்களில் பொறுப்புச் சுற்றுலா என்னும் முயற்சியைத் தொடங்கியது. குமரகத்தில் ஊராட்சியும் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களும் சேர்ந்து, உணவு விடுதிகளுக்கு வேண்டிய காய்கறிகளை உள்ளூரிலேயே விளைவித்து வழங்க முன்வந்தன. விலையை நிர்ணயிக்கக் குழு அமைந்தது. ஊர் வாழ்வைக் காட்டும் சிறு பயணங்களும் அங்கேதான் ஒழுங்கு பெற்றன. 2017-இல் இதற்கெனத் தனி இயக்கமே நிறுவப்பட்டது. விடுதியும் வயலும் ஒரே ஊரில் இருந்தால் மட்டும் போதாது, இரண்டுக்கும் இடையே கொள்முதல் உறவு வேண்டும் என்பதே குமரகம் தரும் பாடம்.

மறுபக்கத்தையும் கூற வேண்டும். கயிற்றால் அயினிப் பலகைகளைப் பிணைத்துக் கட்டப்பட்ட கெட்டுவள்ளங்கள் ஒரு காலத்தில் நெல் மூட்டைகளைச் சுமந்தன. சாலைகள் வந்தபின் வேலையற்றுக் கிடந்த அவ்வள்ளங்கள் 1990களில் படகு வீடுகளாக மறுவாழ்வு பெற்றன. பலருக்கு வேலை கிட்டியது என்பதில் ஐயமில்லை. ஆனால் எண்ணிக்கை பெருகியபோது எண்ணெய்க் கசிவும் கழிவும் காயலில் கலந்தன. அலைகள் மண் கரைகளை அரித்தன. உப்பு நீரைத் தடுக்க 1970களின் நடுவில் இயங்கத் தொடங்கிய தண்ணீர்முக்கம் தடுப்பணை புஞ்சைப் பருவத்தில் மூடப்படுவதால், அந்த மாதங்களில் நீரோட்டம் குறைந்து மாசு தேங்குகிறது, ஆகாயத்தாமரையும் அடர்கிறது. சுற்றுலாப் பருவமும் ஏறத்தாழ அதே மாதங்களில் அமைகிறது. காயல் நீரையே பல தேவைகளுக்கும் நம்பி வாழும் குடும்பங்கள்தாம் இதன் விலையைக் கொடுக்கின்றன. ஒருவர் செயலின் செலவு மற்றொருவர் தலையில் விழுவதைப் பொருளாதாரத்தில் புறவிளைவு என்கிறோம். குட்டநாட்டில் அதைப் பாடநூல் இல்லாமலே கண்ணால் காணலாம்.

கரைக்கு ஒரு பங்கு

ஒரு பாடசேகரத்தின் கரையில் நின்று உழவர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் கூறியது என் மனத்தில் பதிந்திருக்கிறது. “சார், எங்கள் வயல் அழகாக இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். அந்த அழகுக்கு நாங்கள் மோட்டார் ஓட்டுகிறோம். மோட்டார் நின்றால் ஒரு வாரத்தில் இது குளம்” என்றார். இதை விடச் சுருக்கமாக இச்சிக்கலைக் கூற என்னால் இயலாது. காட்சியை விற்பவர் ஒருவர். காட்சியை ஆக்குபவர் வேறொருவர். ஆக்குபவருக்கு விற்பனையில் பங்கு இல்லை.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் குட்டநாட்டு மக்களுள் மிகப் பெரும்பாலோர் வீடுகளை விட்டு முகாம்களுக்குச் செல்ல நேர்ந்தது. எண்ணற்ற கரைகள் உடைந்தன. ஆற்று வெள்ளத்தைக் கடலுக்கு வெளியேற்ற 1955-இல் கட்டிய தோட்டப்பள்ளி வழிகால், வடிவமைத்த அளவில் மூன்றில் ஒரு பங்கு நீரையே வெளியேற்ற வல்லது. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 2007-இல் அளித்த அறிக்கையின் அடிப்படையில் மத்திய அரசு 2008-இல் குட்டநாட்டுத் திட்டத்தை ஏற்றது. கரைகளை வலுப்படுத்துதல் அதன் முக்கியக் கூறுகளுள் ஒன்று. பெரும் பணிகள் அரசின் கடமை. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும் ஆண்டுதோறும் நேரும் சிறு உடைப்புகளுக்கு உள்ளூரிலேயே ஒரு நிதி இருப்பது நலம்.

என் யோசனை எளியது. ஒரு நாள் பயணக் கட்டணத்தில் நூற்றுக்கு ஐந்து ரூபாயைக் கரைப் பங்கு என்று தனியே எழுதி, பயணம் செல்லும் வழியிலுள்ள பாடசேகரக் குழுக்களிடம் சேர்ப்பிக்க வேண்டும். மேற்கூறிய கணக்கில் அது 400 ரூபாய். தொகை சிறிது, ஆனால் பருவம் முழுதும் சேரும்போது கரை அடைக்கும் மண்ணுக்கும் ஆட்கூலிக்கும் உதவும். அதனினும் முக்கியமானது, படகு வருவதில் உழவருக்கும், நெல் விளைவதில் படகுக்காரருக்கும் அக்கறை பிறப்பது. வரவு செலவை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதி வைத்தால் ஐயத்துக்கும் இடமிராது. படகுகளின் வேகத்தையும் குறுகிய தோடுகளில் செல்லும் எண்ணிக்கையையும் வரையறுக்கும் பொறுப்பை ஊராட்சியிடம் அளிப்பது அடுத்த படி.

இறுதியாகப் பாதுகாப்பு. 2002 சூலை 27 அன்று முகம்மாவிலிருந்து குமரகம் சென்ற பயணிகள் படகு வேம்பநாட்டுக் காயலில் மூழ்கி 29 பேர் மாண்டனர். 2023 மே 7 அன்று மலப்புரம் மாவட்டத்துத் தானூரில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றுவது எத்தகைய விளைவைத் தரும் என்பதற்கு இவை போதும். மிதவை அங்கி இல்லாத வள்ளத்தில் ஏறாதீர். மழைக்காலப் பெருவெள்ளத்தில் பயணம் வேண்டாம். படகுக்காரர் போதும் என்றால் ஒன்பதாவது ஆளை ஏற்றச் சொல்லி வற்புறுத்தாதீர். குழு சிறியதாக இருப்பதன் நன்மை இங்கும் விளங்கும்.

உங்களுள் சிலர் நாளை மகாநதி, கோதாவரி, கிருஷ்ணை போன்ற பிற ஆற்றுப் படுகைகளிலும் பணியாற்றச் செல்வீர்கள். அங்கும் இத்தகைய பயணங்களைத் தொடங்கும் வாய்ப்பு வரலாம். அப்போது வருவோரின் எண்ணிக்கையைக் குறிக்கும் பதிவேட்டில் மேலும் ஒரு பத்தியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்று ஊரில் தங்கிய ரூபாய் எவ்வளவு, கரைக்குச் சென்றது எவ்வளவு என்று அதில் அன்றன்றைக்கு எழுதி வாருங்கள். திட்டத்தை மதிப்பிட வருவோர் முதலில் புரட்ட வேண்டியது அந்தப் பக்கமே.