ஒருத்தியே ஓர் அணி



இலக்கிய நிகழ்ச்சியிலே விளையாட்டு மைதானத்துக்கு என்ன வேலை என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். புறத்திணை படிப்பிக்கும் எனக்கு இவ்விரண்டும் அவ்வளவு தூரத்தில் இருப்பனவாகத் தெரிவதில்லை. வென்றவர் பெயரை நிலைநிறுத்துவது ஒருகாலத்திற் புலவர் தொழில். பின்னாளில் அத்தொழிலைப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கமும் புள்ளிப்பட்டியலும் ஏற்றுக்கொண்டன. அத்தகைய பட்டியல் ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

1932 யூலை 16ஆம் நாள். அமெரிக்காவில், சிக்காகோவுக்கு வடக்கே மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள எவன்ஸ்ரன் நகரம். அங்கே பெண்களுக்கான தேசிய மெய்வல்லுநர் போட்டி நடைபெறுகின்றது. அம்மாத இறுதியில் லொஸ் ஏஞ்சல்சில் தொடங்கவிருந்த ஒலிம்பிக்குக்கு வீராங்கனைகளைத் தெரிவு செய்யும் போட்டியும் அதுவே. கழகங்கள் ஒவ்வொன்றாக அறிவிக்கப்பட, பதினைந்து இருபது பெண்களாகச் சேர்ந்து அணிகள் மைதானத்துள் வருகின்றன. டலஸ் நகரத்துக் காப்புறுதிக் கம்பனி ஒன்றின் பெயர் அறிவிக்கப்படுகிறது. வந்தவர் ஒரேயொரு பெண்! அணித்தலைவியும் அவரே, அணியும் அவரே.

அவர்தான் பேப் டிட்றிக்சன். நோர்வேயிலிருந்து ரெக்சாஸ் மாநிலத்தில் வந்து குடியேறிய உழைப்பாளிக் குடும்பத்து மகள். அப்போது வயது 21. கம்பனியில் அவருக்குத் தட்டெழுத்து வேலை. உண்மையில் அவரை வேலைக்கு எடுத்தது கம்பனியின் கூடைப்பந்து அணிக்காக. விளையாடுவதற்குச் சம்பளம் வாங்கக்கூடாதென்ற அக்கால விதிக்கு அந்தத் தட்டெழுத்துப் பொறி ஒரு திரை. ஒற்றைப் பெண்ணை ஓர் அணியென்று அனுப்பியதிலும் கம்பனிக்கு விளம்பர நோக்கம் இல்லாமலில்லை.

முதல்நாள் இரவு அவருக்கு உடல்நலமில்லை, உறக்கமுமில்லை. காலையில் நேரம் பிந்திவிட்டதால் மைதானத்துக்குச் செல்லும் வாடகைக் காரினுள்ளேயே போர்வையொன்றின் மறைவிற் போட்டி உடைக்கு மாறியதாகத் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். சுயசரிதைகளில் வீரர்கள் சற்றே கூட்டிச் சொல்வதுண்டு. பேப் கூட்டிச் சொல்வதில் கெட்டிக்காரி. தம் வயதையே சில ஆண்டுகள் குறைத்துச் சொல்லிவந்தவர் அவர். ஆனால் அன்று பிற்பகல் நடந்ததைக் கூட்டிச் சொல்லவேண்டிய தேவை எவருக்கும் இல்லை.

பத்துப் போட்டிகளுள் எட்டில் அவர் பங்குகொண்டார். குண்டெறிதல், ஈட்டி எறிதல், பேஸ்போல் பந்தெறிதல், நீளம் பாய்தல், 80 மீற்றர் தடைதாண்டல் ஆகிய ஐந்திலும் முதலிடம். உயரம் பாய்தலில் ஜீன் ஷைலியுடன் சமமாக முதலிடம். தட்டெறிதலில் நான்காமிடம். ஒன்றில் எறிந்துவிட்டு மற்றதிற் பாய ஓடுவதும், பாய்ந்துவிட்டு ஓட்டத்துக்கு ஓடுவதுமாகப் பிற்பகல் முழுவதும் கழிந்தது. முடிவிற் பட்டியலைக் கூட்டிப் பார்த்தார்கள். பேப் தனியாளாக 30 புள்ளிகள். இரண்டாமிடம் பெற்ற இலினோய் மகளிர் கழகம், 22 பேர் சேர்ந்து, 22 புள்ளிகள்.

எருமை மறம் என்றொரு துறை நமக்குண்டு. தன் படை பின்வாங்க, வீரன் ஒருவன் தனித்து நின்று பகைவரைத் தடுப்பது அது. உயர்தர வகுப்பில் அத்துறையை விளக்கும்போது இந்த எவன்ஸ்ரன் கதையைச் சொல்வது என் வழக்கம். எருமை மறத்திற் படை பின்வாங்கிவிடும். இங்கே படையே இல்லை என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒருமுறை பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், அவ ஒராளே இவ்வளவும் எடுத்தா எண்டால், அண்டைக்கு ஓடின மற்றவைக்கு என்ன நடந்தது?” என்று கேட்டான்.

நல்ல கேள்வி. அதன் விடை அதே மைதானத்தில் இருக்கிறது.

அன்று 100 மீற்றர் ஓட்டத்தில் ஓடியவர்களில் இருவர் கறுப்பினப் பெண்கள். ஒருவர் சிக்காகோவைச் சேர்ந்த ரைடி பிக்கெற், 17 வயது. மற்றவர் மசச்சூசெற்ஸ் மாநிலத்து மோல்டன் நகரைச் சேர்ந்த லூயிஸ் ஸ்ரோக்ஸ். இருவரும் அஞ்சலோட்டக் குழுவுக்குத் தெரிவாகினர். அமெரிக்க ஒலிம்பிக் அணிக்குக் கறுப்பினப் பெண்கள் தெரிவானது அதுவே முதற்றடவை.

அணி புகையிரதத்தில் மேற்கே புறப்பட்டது. வழியில் டென்வர் நகரத்து விடுதியில் மற்ற வீராங்கனைகளுக்கு விருந்து நடந்தபோது இவ்விருவரும் மேல்மாடியிலுள்ள அறையொன்றில் உணவருந்த விடப்பட்டனர். புகையிரதத்தில் தம்மீது குளிர்நீரைக் கொண்டுவந்து ஊற்றியவர் பேப் டிட்றிக்சன் என்று பிக்கெற் முதுமையிற் கூறியிருக்கிறார். அந்தப் பேப்பையும் அக்காலத்துப் பத்திரிகையாளர் சிலர், இவர் பெண்தானா என்று ஏளனம் செய்தவர்களே. ஏளனத்தின் வலி தெரிந்த கையே தண்ணீர்க் குவளையைத் தூக்கியது. வேடிக்கை என்று சிலர் இதனை ஒதுக்கக்கூடும். மேல்மாடிக்கு அனுப்பப்பட்ட இருவர்மீது செய்யும் வேடிக்கையை நான் அப்பெயரால் அழைக்கத் தயாரில்லை.

லொஸ் ஏஞ்சல்சில், போட்டி நெருங்கிய வேளையில், அஞ்சலோட்டத்தில் ஓடுவோர் பட்டியலில் இருவர் பெயரும் இல்லை. ஓடிய நால்வரும் வெள்ளையர். அவர்கள் உலக சாதனையுடன் தங்கம் வென்றார்கள். பிக்கெற்றும் ஸ்ரோக்சும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே நாட்களிற் பேப், ஈட்டி எறிதலிலும் தடைதாண்டலிலும் தங்கமும், உயரம் பாய்தலில் வெள்ளியும் பெற்றார். ஒரு பெண் மூன்று தனிப்போட்டிகளுக்கு மேற் பங்குகொள்ளக்கூடாதென்ற விதி இல்லாதிருந்தால் இன்னும் எத்தனை பெற்றிருப்பாரோ!

பேப்பின் புகழைக் குறைப்பதற்காக இதனைச் சொல்லவில்லை. பிற்காலத்திற் கோல்ப் விளையாட்டிலும் தலைசிறந்து விளங்கி, புற்றுநோயோடு போராடி, 1954இல் அமெரிக்க மகளிர் பகிரங்கப் போட்டியை மீண்டும் வென்று, 1956இல் 45 வயதில் மறைந்தவர் அவர். அவருடைய 30 புள்ளிகளும் அவர் உழைத்துப் பெற்றவையே. பிக்கெற்றும் ஸ்ரோக்சும் எவன்ஸ்ரனில் உழைத்துப் பெற்றதும் அவ்வாறே அவர்களுடையது. ஒன்றைப் பட்டியல் காத்தது. மற்றதை அதே ஆண்டிலேயே வேறொரு பட்டியல் அழித்தது. பாடாண் பாடுகிறவர்கள் இரண்டையும் சேர்த்தல்லவா வாசிக்கவேண்டும்?

1936இல் இருவரும் மீண்டும் அணிக்குத் தெரிவாகிப் பேர்லினுக்குச் சென்றார்கள். ஸ்ரோக்சின் பயணச் செலவுக்கு மோல்டன் மக்கள் பணம் சேர்த்துக் கொடுத்தார்கள். அங்கும் அவருக்கு ஓட இடம் கிடைக்கவில்லை. பிக்கெற் 80 மீற்றர் தடைதாண்டலில் அரையிறுதிவரை ஓடி, தடையில் மோதிக் காலை முறித்துக்கொண்டார். ஆயினும் ஒலிம்பிக்கிற் போட்டியிட்ட முதலாவது ஆபிரிக்க அமெரிக்கப் பெண் அவரே.

பின்னர் பிக்கெற் ஆசிரியரானார். சிக்காகோவுக்குத் தெற்கேயுள்ள ஏழைகளின் ஊரொன்றிற் பாடசாலை அதிபராக 23 ஆண்டுகள் பணிபுரிந்தார். 1980இல் அவர் ஓய்வு பெற்றபோது அந்தப் பாடசாலைக்கு அவருடைய பெயரையே சூட்டினார்கள்.