தோட்டத்துப் புகையிலைக்குப் புகை காட்டலாமா?

மீனாட்சிபுரத்தைச் சுற்றியுள்ள தென்னந்தோப்புகளில் தேங்காய் மட்டைக்குப் பஞ்சமில்லை. கொல்லையில் நாலு புகையிலைச் செடி வைத்து, இலைக்கு மட்டைப் புகை காட்டி, சுங்கானில் (புகைக்குழாயில்) பிடித்துப் பார்க்கலாமே என்று சிலருக்கு ஆசை எழலாம். மருந்து அடிக்காத சொந்த இலை, ஆகவே உடம்புக்குக் கெடுதல் குறைவு என்ற எண்ணமும் கூடவே வரும். கைப்பக்குவத்தின் மேல் உள்ள அந்த ஆசையை மதிக்கிறேன். ஆனால், கெடுதல் குறைவு என்ற எண்ணம் தவறு.

இந்தப் பக்குவத்தில் கைதேர்ந்தவர்கள் யாழ்ப்பாணத்து விவசாயிகள். வாடிய புகையிலையைக் குடிலுக்குள் தொங்கவிட்டு, கீழே தேங்காய் மட்டையும் பனை ஊமலும் (பனங்கொட்டை ஓடும்) இட்டு மூட்டம் போடுவார்கள். தீ கொழுந்துவிடக் கூடாது, கனன்று புகைய வேண்டும். பிறகு அடுக்கி வேர்க்கவிட்டால் இலை கறுத்து, காரமேறி, பாடமாகும். வெற்றிலையோடு மெல்வதற்காகத் திருவிதாங்கூர் அதை நெடுங்காலம் வாங்கியது. அந்த வணிகத்துக்காகவே 1934இல் யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. சிரியாவிலும் சைப்ரஸிலும் சுங்கானுக்கென்று செய்த லட்டாக்கியாவும் விறகுப் புகையில் பாடமானதுதான்.

புகை அங்கே செய்வது என்ன? அதிலுள்ள பீனால்கள் இலையில் படிந்து மணம் தருகின்றன, பூஞ்சணத்தைத் தடுக்கின்றன. அதே படிவில் பென்சோபைரீனும் இருக்கிறது. அது புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிசெய்யப்பட்ட பொருள். நைட்ரோசமீன்கள் என்ற புற்றுநோய்ப் பொருள்களோ இலை பாடமாகும்போது அதன் நிக்கோட்டின் முதலிய வேதிப்பொருள்களிலிருந்தே உருவாகின்றன. பூச்சிமருந்தை நிறுத்தினாலும் இவை நிற்காது. ஆக, மணத்தைக் கூட்டும் புகையே நஞ்சையும் கூட்டுகிறது.

சுங்கான் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லையே என்பார்கள். இத்தகைய புகையிலையின் புகை காரத்தன்மை உடையது. அதனால் நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் ஏறும். உதடு, நாக்கு, தொண்டைப் புற்றுகள் சுங்கான் பிடிப்பவர்களிடமும் வருகின்றன. முன்னோர் காலமெல்லாம் பயன்படுத்தினார்களே என்றால், புகையிலை மென்றவர்களின் வாய்ப்புற்றுக்கு நம் மருத்துவமனைகளே சாட்சி. புகை பிடிக்காமல், ஈரமான பச்சை இலையைத் தொட்டு வேலை செய்தாலே நிக்கோட்டின் தோல் வழியே இறங்கித் தலைசுற்றலும் வாந்தியும் வரலாம்.

மூட்டம் போடத் தெரிந்த பெரியவர்களின் சொற்களையும் செய்முறையையும் இன்றே ஒலிப்பதிவு செய்து வைப்போம். உழவர் வரலாற்றில் அதற்கு இடம் உண்டு. அந்தப் பக்குவத்தை நம் வாயில் சோதித்துப் பார்க்கவே வேண்டாம்.