நீண்ட பயணத்திற்கு நீடித்து உழைக்கும் டயர்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பள்ளி விடுமுறை தொடங்கினால் போதும், நம் இளைஞர்கள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கேமரன் மலைக்கும் ஹட்யாய்க்கும் புறப்பட்டு விடுகிறார்கள். இளைஞர்கள் மட்டுமல்ல, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர்களும் மனைவியைப் பின்னால் அமர்த்திக்கொண்டு தாய்லாந்து வரை போய்வருகிறார்கள். புறப்படுவதற்கு முன் பட்டறைக்காரரிடம் அவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எந்த டயர் போட்டால் அதிக நாள் வரும்?"

நியாயமான கேள்விதான். ஆனால் அது பாதிக் கேள்வி. "அதிக நாள் வரும் டயர், மழையில் என் வண்டியை நிறுத்துமா?" என்பதே மீதிக் கேள்வி. மலேசியாவில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள். ஒரு டயர் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். இரண்டு டயருக்கும் சேர்த்து இரண்டு உள்ளங்கை. அந்த இரண்டு உள்ளங்கைகளை நம்பித்தான் கணவனும் மனைவியும் மூட்டை முடிச்சுகளும் போய்ச் சேருகிறார்கள்.

ரப்பரைப் பற்றி நம் சமுதாயத்திற்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1877-இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு வந்த 22 ரப்பர் கன்றுகளிலிருந்து தொடங்கிய வரலாறு அது. 1888-இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு உலகமே ரப்பரைத் தேடியது. தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர்கள் பால்மரம் சீவ இங்கே வந்தார்கள். விடியற்காலையில் நம் பாட்டிமார்கள் வாளியில் சுமந்த பால் வெள்ளை நிறம். டயர் கறுப்பாக இருப்பதற்குக் காரணம் அதில் சேர்க்கப்படும் கார்பன் கரி. ரப்பரைத் தேயாமல் காப்பது அந்தக் கரிதான். இன்றைய டயர்களில் இயற்கை ரப்பர், செயற்கை ரப்பர், கரி, சிலிக்கா ஆகியவை கலந்திருக்கின்றன. சிலிக்கா சேர்ப்பதால் ஈரச் சாலையில் பிடிப்பு கூடுகிறது.

கடினமான ரப்பர் மெதுவாகத் தேயும். ஆனால் பிடிப்பு குறையும். மென்மையான ரப்பர் நன்றாகப் பிடிக்கும். ஆனால் சீக்கிரம் தேயும். பந்தய டயரைப் போட்டுக்கொண்டு ஈப்போவுக்குப் போனால் பணம்தான் கரையும். மிகக் கடினமான மலிவு டயரைப் போட்டுக்கொண்டு அடைமழையில் பிரேக் பிடித்தால் உயிருக்கே ஆபத்து. இரண்டுக்கும் நடுவில் உள்ளதைத் தேடுவதே புத்திசாலித்தனம்.

இந்தச் சிக்கலுக்கு உற்பத்தியாளர்கள் கண்ட வழி, ஒரே டயரில் இரண்டு வகை ரப்பரை வைப்பது. நடுப்பகுதியில் கடினமான ரப்பர், இரு ஓரங்களிலும் மென்மையான ரப்பர். 1994-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட வடக்கு தெற்கு நெடுஞ்சாலை பெரும்பாலும் நேர்ச் சாலை. அதில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும்போது பின் டயரின் நடுப்பகுதி மட்டுமே தேய்ந்து தட்டையாகிவிடும். பிறகு அதே டயரோடு தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறினால், வளைவுக்கு வளைவு வண்டி இயல்பாகச் சாயாமல் முரண்டு பிடிக்கும். நடுவில் கடினமும் ஓரத்தில் மென்மையும் கொண்ட டயர் நேர்ச் சாலையில் நீடித்து உழைக்கும். வளைவில் சாயும்போது பிடிப்பும் தரும். மிஷலின் ரோட், பிரிஜ்ஸ்டோன் டி வரிசை, டன்லப் ரோட்ஸ்மார்ட், மெட்ஸ்லர் ரோட்டெக், பிரெல்லி ஏஞ்சல் ஜிடி ஆகியவை சாலைப் பயணத்திற்கென்றே பெரிய மோட்டார் சைக்கிள்களுக்குச் செய்யப்படும் டயர்கள்.

விலையைப் பார்த்து மிரள வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பின் டயர் 600 ரிங்கிட், அது 8,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 7.5 சென். இன்னொன்று 900 ரிங்கிட், 15,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்றால் கிலோமீட்டருக்கு 6 சென்தான். விலை கூடிய டயரே இங்கு மலிவு. அதே வேளையில், ஆண்டுக்கு 2,000 கிலோமீட்டர்கூட ஓட்டாதவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவருடைய டயர் தேய்வதற்கு முன்பே முதுமை அடைந்துவிடும்.

அக்காலத்தில் மாடு வாங்குவோர் பல்லைப் பிடித்துப் பார்த்து வயதை அறிந்தார்கள். டயருக்கும் அப்படி ஒரு பல் உண்டு. அதன் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளுடன் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2324 என்றிருந்தால், 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். கழிவு விலையில் கிடைக்கிறதே என்று பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்த டயரை வாங்கி வந்தால், அது நீண்ட நாள் உழைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஐந்து ஆண்டு பயன்பாட்டுக்குப் பிறகு ஆண்டுதோறும் பரிசோதிக்கும்படியும், பத்து ஆண்டானதை மாற்றிவிடும்படியும் உற்பத்தியாளர்கள் பலர் அறிவுறுத்துகிறார்கள்.

அதே பக்கவாட்டில் மற்ற விவரங்களும் உண்டு. 180/55 இசட் ஆர் 17, 73 டபிள்யூ என்றிருந்தால், அகலம் 180 மில்லிமீட்டர். உயரம் அந்த அகலத்தில் 55 விழுக்காடு. ஆர் என்பது ரேடியல் அமைப்பு. சக்கரம் 17 அங்குலம். 73 என்ற எண் 365 கிலோகிராம் வரை தாங்கும் என்பதையும், டபிள்யூ என்ற எழுத்து மணிக்கு 270 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்பதையும் குறிக்கும். நெடுஞ்சாலையின் வேக வரம்பு 110 கிலோமீட்டர்தானே என்று குறைந்த குறியீட்டுக்கு இறங்கக் கூடாது. வண்டியின் கையேட்டில் சொல்லியுள்ள அளவுக்கும் குறியீட்டுக்கும் குறையாமல் வாங்க வேண்டும்.

கப்சாய் வண்டியில் ஊர் சுற்றுவோருக்கும் இது பொருந்தும். அழகுக்காக மெல்லிய டயரை மாட்டினால் சுமை தாங்கும் திறன் குறையும். பள்ளத்தில் விழுந்தால் சக்கரமும் கெடும். கையேட்டில் உள்ள அளவே சரியான அளவு.

நல்ல டயரை வாங்கினால் மட்டும் போதாது. அதன் ஆயுளில் பாதி காற்றில் இருக்கிறது. காற்று குறைந்தால் டயரின் பக்கச் சுவர் ஓயாமல் மடங்கிச் சூடேறும், ஓரங்கள் தேயும். காற்று கூடினால் நடுப்பகுதி தேயும், பிடிப்பும் குறையும். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். ஓடிய பிறகு சூட்டில் அழுத்தம் கூடியிருக்கும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிடுவது தவறு. பின்னால் ஆளும் சுமையும் ஏறும்போது கையேட்டில் அதற்கெனக் குறித்துள்ள அழுத்தத்தை வைக்க வேண்டும். மாதம் ஒருமுறையும், நெடும்பயணத்திற்கு முன்பும் இதைச் செய்ய ஐந்து நிமிடம் போதும்.

புது டயர் மாட்டியவுடன் முதல் 100 முதல் 150 கிலோமீட்டர் வரை நிதானம் தேவை. மேற்பரப்பு வழுவழுப்பாக இருப்பதால் பிடிப்பு முழுமையாக வந்திருக்காது. ஆகவே புறப்படும் நாள் காலையில் டயர் மாற்றாமல், ஒரு வாரத்திற்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.

கடைசியாக, எப்போது மாற்றுவது? மலாய் மொழியில் 'புங்கா', அதாவது பூ என்று சொல்லப்படும் வரிப்பள்ளங்களுக்கு உள்ளே சிறு மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்திற்கு வந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. ஆனால் மழைநீரை வெளியேற்றுவது அந்தப் பள்ளங்கள்தான் என்பதால், பள்ளம் ஆழம் குறையக் குறைய ஈரச் சாலையில் ஆபத்து கூடிக்கொண்டே வரும். நவம்பரில் பருவமழை தொடங்கும் கிழக்குக் கரைக்குப் பயணம் போகிறவர், மேட்டைத் தொடும்வரை காத்திருக்கக் கூடாது. "இந்த ஒரு பயணம் மட்டும் போய்வந்து மாற்றிக்கொள்ளலாம்" என்ற எண்ணம்தான் பல பட்டறைகளில் கேட்கும் வாசகம். டயரில் மிச்சமிருக்கும் கடைசி ஆயிரம் கிலோமீட்டரின் மதிப்பு, மேலே போட்ட கணக்குப்படி, 60 அல்லது 75 ரிங்கிட்தான்.

அந்தப் பணத்தை மிச்சப்படுத்தப் பின்னால் அமர்ந்திருப்பவரின் உயிரைப் பணயம் வைப்பதா என்பதை ஒவ்வொரு மோட்டார் சைக்கிளோட்டியும் புறப்படும் முன் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். நீடித்து உழைக்கும் டயரைத் தேடுவோம். அதைவிட, நீடித்து வாழும் பயணியாக இருப்போம்.