'காணோம்' என்பதற்கு இங்கிலீஷில் எந்த வார்த்தை?

(பாம்பூஃப்ளாட்டில் அங்கத்தினர்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் கூடியிருந்தபோது பேசியது)

 

இங்கிலீஷில் எழுதும்போது, ஒரே அர்த்தம் போலத் தோன்றும் இரண்டு வார்த்தைகளில் எதைப் போடுவது என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். டிக்‌ஷனரி பார்த்து மட்டும் இது தீராது. படிப்பவர் அதை எப்படிப் புரிந்துகொள்வார் என்று யோசித்தால் தீரும்.

வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன். பாம்பூஃப்ளாட்டுக்கும் போர்ட் பிளேருக்கும் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) நடுவே கடல். சாத்தம் போக நாங்கள் ஏறுவது 'ஃபெரி'. 'ஷிப்' என்றால் சென்னையிலிருந்து மூன்று நாள் கடலில் வருவது. பள்ளிக்கூட லெட்டரில் 'ஷிப் லேட்' என்று எழுதினால், பையன் சென்னையிலிருந்து வருகிறான் என்றுதான் வாத்தியார் நினைப்பார்!

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். இன்னொன்று அப்படியில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தத் தீவுகளில் ஆயிரக்கணக்கானோரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. இங்கிலீஷ் தெரியாத சில குடும்பங்களுக்கு நான் மனு எழுதிக் கொடுத்தேன். "அப்பாவைக் காணோம்" என்பார்கள். தமிழில் அது போதும். இங்கிலீஷில் 'லாஸ்ட்' போடுவதா, 'மிஸ்ஸிங்' போடுவதா?

'வீ லாஸ்ட் அவர் ஃபாதர்' என்றால் அப்பா காலமானார் என்று அர்த்தம். நாம் 'தவறிவிட்டார்' என்பது போல. துக்கச் செய்தி எழுதும்போது அதுவே சரி. 'மிஸ்ஸிங்' என்றால் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லை என்று பொருள்.

சாட்சியச் சட்டப்படி, ஒருவரைப் பற்றி 7 வருஷம் எந்தத் தகவலும் இல்லையென்றால்தான் இறந்தவராகக் கருதலாம். சுனாமியில் காணாமற்போனவர்களுக்காக 2005-ல் அரசு தனி நடைமுறை வகுத்தது. அவ்வளவு காலம் காத்திராமல், விசாரணை செய்து மரணச் சான்றிதழ் தர வழி பிறந்தது. பென்ஷன், பாங்க் பணம் எல்லாம் அந்தக் காகிதத்தை நம்பித்தான். அந்த மனுவில் 'லாஸ்ட்' என்று எழுதினால், "உடல் எங்கே கிடைத்தது?" என்றுதான் கேள்வி வரும். ஆகவே 'மை ஃபாதர் ஹாஸ் பீன் மிஸ்ஸிங் சின்ஸ் 26 டிசம்பர் 2004' என்றே எழுதினேன். 'டைட்' என்று எழுதச் சம்மதிக்காதவர்களும் இருந்தார்கள். 'மிஸ்ஸிங்' அவர்கள் மனசுக்கும் ஒத்துவந்தது.

குழந்தைகளே, இரண்டு வார்த்தைகளையும் தனித்தனி வாக்கியத்தில் போட்டு உரக்கப் படியுங்கள். படிப்பவர் அடுத்து என்ன கேட்பார் என்று யோசியுங்கள். உங்களிடம் அதற்குப் பதில் இருந்தால் அந்த வார்த்தையைப் போடலாம்.