உண்ணிக் காய்ச்சலும் குருதிச் சோதனையும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாம் மருத்துவ நூல் கற்றவரல்லோம். புகைவண்டி அலுவலகத்தில் பேரேடு எழுதிப் பழகியவர். எனினும், சிவமொக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு.

1957-ஆம் ஆண்டில் இம்மாவட்டத்துச் சொரபா வட்டத்தைச் சேர்ந்த கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மாண்டன. அண்டையிலிருந்த மக்களும் நோயுற்றனர். கன்னட மக்கள் 'மங்கன காயிலெ' என வழங்கும் குரங்குக் காய்ச்சல் அதுவே. உண்ணி கடிப்பதால் பரவும் இந்நோய் மார்கழி முதல் வைகாசி வரை மிகும். நோயுற்றோர் நூற்றுவரில் 3 முதல் 5 பேர் வரை இறப்பதுண்டு.

உண்ணி கடித்தவுடனே குருதிச் சோதனைக்கு ஓடுவோர் சிலர். பத்து நாள் மாத்திரை விழுங்கிப் படுத்திருப்போர் சிலர். இரண்டும் தகா. காய்ச்சலில்லாதவர்க்குச் சோதனை பயன் தராது. உண்ணியை மெல்லப் பிடுங்கிவிட்டு, உடல்நிலையைக் கவனித்து வருதலே முறை. குரங்குக் காய்ச்சலாயின் பெரும்பாலும் 3 முதல் 8 நாட்களுக்குள் தோன்றும். காட்டுப்புறம் சென்று வந்தவர்க்குத் திடீரெனக் கடுங்காய்ச்சலும், தலைவலியும், தசைநோவும் கண்டால், அன்றே மருத்துவரை அடைய வேண்டும்.

பார்சல் வரவில்லையென்று வருவோரிடம் நாம் முதலில் கேட்பது அனுப்பிய தேதியையே. சோதனைக்கும் தேதியே ஆதாரம். காய்ச்சலின் தொடக்க நாட்களில் குருதியிலுள்ள கிருமியையே தேடுவது ஆர்.டி.பி.சி.ஆர். சோதனை. நாட்கள் சென்றபின் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவது எலிசா சோதனை. எலிசாவை முந்திச் செய்து, 'நோயில்லை' என்ற முடிவு கண்டு மகிழ்வது பேதைமை.

உண்ணியால் வரும் வேறொரு காய்ச்சலும் உண்டு. அது ரிக்கெட்சியா என்னும் நுண்ணுயிரால் விளைவது. அதற்கு டாக்சிசைக்ளின் நன்மருந்து. முதல் வாரத்தில் எதிர்ப்பொருள் பெரும்பாலும் தென்படாதாகையால், ஐயம் வலுத்தால் மருத்துவர் முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குவார். அதனைத் தடுத்து, 'முடிவு வரட்டும்' என நாம் வாதாடலாகாது. குரங்குக் காய்ச்சலுக்கோ தனி மருந்தில்லை, ஆயினும் நோயை அறிந்தால் குருதிக்கசிவு நேராதபடி காத்துப் பேணலாம், ஊராரையும் எச்சரிக்கலாம்.

ஆகவே, காய்ச்சல் தொடங்கிய நாள், சென்ற காடு, உண்ணி கடித்த செய்தி, அங்கே குரங்கு இறந்து கிடந்ததுண்டா என்பது, இந்நான்கையும் கேளாமுன்னரே மருத்துவரிடம் கூறுங்கள். எந்தச் சோதனை, எந்நாளில் என்பதை அவர் தீர்மானிப்பார். நம் குடும்பங்கள் நலமுடன் வாழ்க!