பிறந்த மண்ணில் அந்நியர்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



யாம் மெட்ரிகுலேஷன் அளவில் படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாவாகப் பணியாற்றி வருகிறோம். பிறந்த தேதிக்கு ஒரு சான்று, தந்தை பெயருக்கு ஒரு சான்று என்று எமது நாட்கள் காகிதங்களுக்கிடையே கழிகின்றன. ஆகவே, காகிதமில்லாத இளைஞர்களைப் பற்றிச் சில சொற்கள் கூற எமக்குச் சிறிது உரிமையுண்டு எனக் கருதுகிறோம்.

சென்ற கோடையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, எம் தமையனார் இல்லத்திற்குப் பெயிண்டு அடிக்க ஓர் இளைஞர் வந்திருந்தார். பேச்சுக் கொடுத்ததில் அவர் பொறியியல் பட்டதாரி எனத் தெரிந்து வியந்தோம். "பிறந்ததும் படித்ததும் தமிழ்நாட்டில்தான், ஐயா. இலங்கையைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் நான் இந்தியன் அல்லனாம்" என்றார். பதினேழாம் வயதில் உடன் பயின்றோர் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தபோதுதான், தம் நிலை அவருக்கு முழுமையாக விளங்கிற்றாம்.

1983 ஜூலைக் கலவரத்தின் பின்னர் கடல் கடந்து வந்த ஈழத் தமிழர்களின் மக்களும் பேரர்களுமே இவர்கள். 2021-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறக்குறைய 58,000 பேர் வாழ்ந்தனர். பள்ளிக்கூடம் உண்டு, ரேஷன் உண்டு, மாத உதவித்தொகையும் உண்டு. தமிழ்நாடு அரசு இவ்வகையில் செய்துவரும் உதவி பாராட்டத்தக்கதே. ஆனால் வாக்குரிமை இல்லை. இந்தியப் பாஸ்போர்ட் இல்லை. கற்ற கல்வி பெரும்பாலோரைக் கூலி வேலையின் வாயிலிலேயே கொண்டுபோய் விடுகிறது.

சட்டம் கூறுவது யாது? 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி, 1987 ஜூலை 1-க்கு முன் இம்மண்ணில் பிறந்தோர் பிறப்பாலேயே குடிமக்கள். அதன்பின் பிறந்தோருக்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியராய் இருத்தல் வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல், மற்றவரும் சட்டவிரோதமாய்க் குடியேறியவராய் இருத்தலாகாது. ஆகவே ஒரே முகாமில், ஒரே தாய் வயிற்றில் பிறந்த தமக்கை குடிமகளாகவும், தம்பி அந்நியனாகவும் இருக்கக்கூடும். அந்தத் தமக்கைக்கும் உரிமை எளிதில் கிட்டுவதில்லை. மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண், 2022-ல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை சென்றே பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு பெற வேண்டியிருந்தது.

2025 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர் மீது, ஆவணமின்றித் தங்கியமைக்காகத் தண்டனை நடவடிக்கை இராது என்பதே அது. இதனால் அச்சம் ஓரளவு நீங்கிற்று. எனினும் குடியுரிமை கிட்டவில்லை.

அமெரிக்காவிலும் இத்துயர் உண்டு. மெக்சிகோவிலிருந்து பெற்றோரால் குழந்தைப் பருவத்தில் கொண்டுவரப்பட்டு, அங்கேயே பயின்று வளர்ந்த இளைஞர் பல இலட்சம் பேர். இத்தகைய குழந்தைகளுக்குப் பள்ளியை மறுக்கலாகாதென 1982-ல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012-ல் அவர்களுள் தகுதியுடையோருக்கு ஈராண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத்தக்க வேலை அனுமதி அளிக்கும் திட்டமும் வந்தது. அதுவும் குடியுரிமை அன்று. பள்ளி வாயில் திறந்திருக்க, அதற்கப்பாலுள்ள வாயில் மூடியிருப்பது இரு நாட்டிலும் ஒன்றே.

"நாட்டிற்கு எல்லை வேண்டாமா?" எனச் சிலர் வினவலாம். வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் முகாமில் பிறந்த குழந்தை எந்த எல்லையைத் தாண்டிற்று?

நம் கதையையும் சற்று எண்ணிப் பார்ப்போம். 1952-ல் இந்த ஐதராபாத் நகரில் முல்கி கிளர்ச்சி எழுந்தது. வெளியூரார் உத்தியோகங்களைக் கைக்கொண்டனர் என்று உள்ளூர் இளைஞர் வெகுண்டனர். அவர்தம் குறையிலும் நியாயம் இருந்தது. அன்று இங்கிருந்த வெளியூர்த் தமிழரும் முல்கி அல்லாதவரே. எனினும் அவர்கள் இந்தியக் குடிமக்கள். ஆதலின் நிலைத்து நின்றனர். அந்த ஒரு பிடிப்பு இருந்தமையாலன்றோ இன்று நாம் சொந்த வீட்டில் அமர்ந்து சங்கம் வளர்க்கிறோம்!

எனவே எமது வேண்டுகோள் ஒன்றே. இந்திய மண்ணில் பிறந்து, இங்கேயே வளர்ந்த இவ்விளைஞர்களுக்குக் குடியுரிமை வழங்கச் சட்டத்தில் வழி செய்யுமாறு, நம் சங்கம் ஒரு தீர்மானம் நிறைவேற்றி மத்திய உள்துறை அமைச்சகத்திற்கு அனுப்ப வேண்டும். ஒரு தீர்மானத்தால் சட்டம் மாறிவிடாது என்பதை யாம் அறிவோம். ஆயினும் மனு வராத கோப்பு நகர்வதில்லை என்பதையும் ஒரு குமாஸ்தா அறிவான்.